அயற்பணியில் ஒரு சம்மனசு

என் மகள் ஸ்கூட்டர் வாங்கிய மறுநாள் காலை, என்னுடைய காவல் சம்மனசை அவளுக்கு அயற்பணியில் அனுப்பி வைத்தேன். எழுத்துமூலம் அல்ல, வாய்மொழி உத்தரவுதான். அவள் வாசல் கேட்டருகே நின்று ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, உதடு அசையாமல் சொன்னேன்: ‘நீங்க இவகூடப் போங்க. பெருங்குடி ஆபீஸ் வரைக்கும். சாயங்காலம் பத்திரமா கூட்டிக்கிட்டு வந்து விட்டுட்டு, அப்புறம் என்கிட்ட வாங்க.’

எங்கள் மதத்தைச் சேராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கத்தோலிக்கர்களான எங்களுக்கு, பிறந்த நாளிலிருந்து சாகும்வரை ஆளுக்கொரு சம்மனசு, அதாவது தேவதூதர், கூடவே வருவார். இப்போது பூசையில் காவல் தூதர் என்கிறார்கள்; எங்கள் வீட்டில் பழைய சொல்தான். கண்ணுக்குத் தெரிய மாட்டார். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. இவரைச் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஏவுவதில் எங்கள் ஆட்களுக்குக் கூச்சமே இல்லை. தி.நகருக்குத் துணி எடுக்கப் போனால், வண்டி நிறுத்த இடம் பிடிக்கச் சொல்லி அவரை முன்னால் அனுப்புவோம். ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவுக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு என்று தன் சம்மனசைத் துணைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

அப்படி அனுப்பிவிட்டால் அனுப்பினவருக்கு யார் காவல் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள். மாறுதல், விடுப்பு, அயற்பணி ஆகிய மூன்றும்தான் என் உலகம். அயற்பணி என்றால், ஓர் அலுவலகத்தின் ஆளை இன்னோர் அலுவலகத்துக்குக் கொஞ்ச காலம் அனுப்பி வைப்பது. போன இடத்தில் அவர் வேலை பார்க்கும்போது இங்கே அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் அதற்கு வேறு பெயர், வேறு கோப்பு. ஆகவே, சம்மனசு பெருங்குடியில் இருக்கும்வரை சாந்தோமில் எனக்குக் காவல் இல்லை. இது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

காவல் இல்லாத ஒருத்தி என்ன செய்ய வேண்டும்? வீட்டோடு அடங்கிக் கிடக்க வேண்டும். கிடந்தேன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்ததால் அது முடிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்று, அவள் கிளம்புவதற்கு முன்பே குளித்து முடித்துவிடுவேன். பகலில் பரணில் ஏற மாட்டேன், இஸ்திரிப் பெட்டியைத் தொட மாட்டேன். பல்வலிக்கு டாக்டரிடம் நேரம் கேட்டபோது, ‘ஏழு மணிக்கு மேல் இருந்தால் கொடுங்கள், அதற்கு முன்னால் ஆள் இல்லை’ என்றேன். யார் இல்லை என்று போனை எடுத்த பெண் கேட்காதது நல்லதாயிற்று. மீன் வாங்க என் கணவரை அனுப்பினேன். கடற்கரை ஓரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், கண் உள்ளே போன வவ்வாலை வாங்கிக்கொண்டு வந்து, ‘இது அமைதியான மீன்’ என்றார்.

அவரிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை.

“அவளுக்குத்தான் சொந்தமா ஒருத்தர் இருக்காரே. எதுக்கு ரெண்டு?”

“அவருக்கு இருபத்துமூணு வருஷ சர்வீஸ்தாங்க. என்னோடவருக்கு ஐம்பத்திரண்டு. ஓ.எம்.ஆர். டிராபிக்குக்கு அனுபவம் வேணாமா?”

“அதுசரி, பின்னாடி உட்கார்றவருக்கு ஹெல்மெட் வாங்கிட்டியா? இப்பல்லாம் அதுக்கும் பிடிக்கறாங்க.”

அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், பிரசங்கத்தின்போது கண்ணை மூடித் தியானிப்பார், சில சமயம் தியானத்தில் குறட்டையும் வரும். ஆனால் என்னுடைய இந்த மாதிரி நிர்வாகங்கள் எல்லாம் அவருக்கு வேடிக்கை. நீயாச்சு உன் சம்மனசாச்சு என்று விட்டுவிடுவார்.

எனக்கு அது வேடிக்கை இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. அந்த ஒன்பது வருடத்தில் நான் ஏறாத கோயில் படி இல்லை, வைக்காத நேர்ச்சை இல்லை. கொடுத்தவர் ஒருநாள் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம், அவளைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து என்னோடு இருக்கிறது. அவள் மாடிப்படி ஏறப் பழகியபோது இருந்தது, பள்ளி வேனில் போனபோது இருந்தது. இப்போது அது இரண்டு சக்கரத்தில் போகிறது. தினமும் காலையில் அவள் தெருமுனை திரும்பியதும் போனைக் கையில் எடுத்துக்கொள்வேன். ‘ரீச்டு’ என்று அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை வந்த பிறகுதான் அதைக் கீழே வைப்பேன். சாயங்காலம் மறுபடியும் முதலிலிருந்து.

வாரநாள் காலைப் பூசைக்கு நான் வருவதில்லை என்பதை எங்கள் பங்குச்சாமியார் கவனித்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை, மகள் வீட்டில் இருந்த நாள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஏன் பூசைக்கு வருவதில்லை என்று கேட்டார். சாலையைக் கடக்கக் காவல் இல்லை என்று முழு விவரத்தையும் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் நீண்ட நேரம் இருமல் கேட்டது. இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

“அம்மா, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. தூதர்கள் எல்லாரும் ஆதியிலேயே படைக்கப்பட்டவங்க. உங்களோடவருக்கும் உங்க பொண்ணோடவருக்கும் ஒரே வயசுதான். எல்லாரும் ஒரே பேட்ச்.”

“அப்ப பணிமூப்பே கிடையாதா ஃபாதர்?”

“கிடையாது.”

இருபத்தெட்டு வருடம் பணிமூப்புப் பட்டியல் தயாரித்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி? நான் சமாதானமாகவில்லை.

“சரி, கடவுள் எல்லா இடத்துலயும் இருக்காரே. அவரை நம்பறீங்களா?”

“நம்பறேன் ஃபாதர். ஆனா அவருக்கு வேலை ஜாஸ்தி.”

மறுபடியும் இருமல். பிறகு, கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்: “நீங்க ஆண்டவரை நம்பறீங்களா, இல்ல மேற்பார்வை பார்க்கறீங்களா?”

பத்து அருள்நிறை மந்திரம் பரிகாரமாகக் கொடுத்து அனுப்பிவிட்டார். மந்திரத்தைச் சொல்லி முடித்தேன். கேள்வி மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி நின்றுகொண்டது. யோசித்துப் பார்த்தால் என் ஜெபமே மனு மாதிரிதான் இருக்கும். விடுநர், பெறுநர், பொருள், பார்வை. பொருள்: மகளின் பயணப் பாதுகாப்பு கோருதல் தொடர்பாக. பார்வை: நேற்று சொன்ன ஜெபம். சாமியார் சொன்னதில் நியாயம் இருக்கலாம். அதற்காகத் திங்கட்கிழமை காலையில் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட முடியுமா? அயற்பணியை நீட்டித்தேன்.

இப்படி ஆறு மாதம் ஓடியது. இதற்கிடையில் என் கணவருக்கு வலது முட்டியில் அறுவை செய்து புது மூட்டு வைத்தார்கள். ஊன்றுகோலோடு கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டிருந்தார். மழைக்காலமும் வந்துவிட்டது.

அன்று காலை வானம் வெறும் மூட்டமாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. இரண்டரை மணிக்கு மகளிடமிருந்து செய்தி: ‘ஆபீஸ்ல எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்க. கிளம்பறேன்.’ வழக்கமாக முக்கால் மணி நேரம். மழைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டேன். நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது போன். நாலேகாலுக்கும் அதையே சொன்னது. டிவியில் பெருங்குடியைக் காட்டினார்கள், வேளச்சேரியைக் காட்டினார்கள், காருக்குள் மீன் மாதிரி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார்கள். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஐந்து மணி ஆயிற்று.

“நான் போய்ப் பார்க்கறேன்” என்றேன்.

“எங்கேன்னு போவே? ரோடு முழுக்க தண்ணி. வந்துடுவா, இரு.”

“இருக்க முடியலைங்க.”

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். தன் முட்டியைப் பார்த்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கும்போது, ஊன்றுகோலைத் தட்டிக் கூப்பிட்டார்.

“நில்லு. உன்கூட யாரும் இல்லியே.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

“என்னோடதைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழ நேரமில்லாததால் மூன்று மாடியும் வேகமாக இறங்கிவிட்டேன்.

ஒரு ஆட்டோவும் கிடைக்கவில்லை. பட்டினப்பாக்கம் பக்கம் நடந்தேன். முதலில் கணுக்கால் தண்ணீர், பிறகு கெண்டைக்கால், பிறகு முட்டி. குடை இரண்டு தடவை மடங்கி, மூன்றாவது தடவை பறந்தே போயிற்று. ஒரு செருப்பும் போய்விட்டது. எதிலோ கிழிந்து உள்ளங்கால் எரிந்தது. எதிரே வரும் ஒவ்வொரு ஹெல்மெட்டுக்குள்ளும் அவள் முகத்தைத் தேடினேன். தேடித்தேடி எங்கே நடக்கிறேன் என்பதையே பார்க்கவில்லை.

அப்போது, மூடிய கடை ஒன்றின் படியில் கூடையோடு ஒதுங்கியிருந்த மீன்காரப் பெண்மணி கத்தினாள்: “யம்மோவ்! எங்க போய்க்கினு கீற? அங்க பள்ளம் தோண்டி வெச்சிகீறானுங்க! அப்டியே நில்லு, அசையாத!”

“எந்தப் பக்கம்?” என்று கத்தினேன்.

“தெரியல! ஆனா அங்கதான் கீது!”

கையெட்டும் தூரத்தில் ஒரு கம்பம் இருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் காலெடுத்து வைக்க முடியாது, பின்னால் வைக்கவும் முடியாது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிரிவையே ஆட்டி வைத்த கண்காணிப்பாளரான நான், ஒற்றைச் செருப்போடு, நடுரோட்டில், கார்ப்பரேஷன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெபம் சொல்லலாம் என்று பார்த்தால் விடுநர் ஞாபகம் வரவில்லை, பொருள் வரவில்லை. ஆறு மாதமாக யாரை எங்கே அனுப்பினேன், யார் எப்போது திரும்பி வரவேண்டும் என்று நான் வைத்திருந்த ஏற்பாடு எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது. அடுத்த அடி எங்கே என்று தெரியாது. ‘அப்பா’ என்று மட்டும் வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் அப்பாவின் கையை விட்டுவிட்ட பிள்ளை கூப்பிடுவது மாதிரி, வாய்விட்டு, அழுதுகொண்டு, “அப்பா, அப்பா” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

எத்தனை நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. மீன்காரப் பெண்மணி மட்டும் நடுநடுவே, “புட்ச்சிக்கோ, புட்ச்சிக்கோ” என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மா?”

தலையைத் திருப்பினேன். நீல மழைக்கோட்டு போட்ட ஒருத்தி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். என் மகள். தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“இங்க என்னம்மா பண்றே?”

“உன்னைத் தேடி வந்தேன்டி! போன் என்னாச்சு?”

“நனைஞ்சு செத்துப்போச்சு. வண்டியும் திருவான்மியூர்லயே நின்னுடுச்சு. அங்கேர்ந்து தள்ளிக்கிட்டே வரேன். நீ எதுக்கு கம்பத்தைக் கட்டிக்கிட்டு நிக்கறே?”

“பள்ளம் இருக்குடி! வராதே, அங்கேயே நில்லு!”

“பள்ளம் அந்தப் பக்கம்மா. காலைல பார்த்தேன், பாரிகேட் வெச்சிருந்தாங்க. கையைக் கொடு.”

கொடுத்தேன். அவள் வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் என்னைக் கம்பத்திலிருந்து பிரித்தெடுத்தாள். மீன்காரப் பெண்மணி, “பொண்ணு வந்துட்ச்சா? அப்ப சரி” என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கோ உலகத்தின் கோடிக்கு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். வீட்டிலிருந்து இரண்டாவது பஸ் ஸ்டாப்.

அவள் வண்டியைத் தள்ள, நான் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னேன்.

“நல்லவேளை, காலையில என்னோட சம்மனசை உன்கூட அனுப்பினேன்.”

அவள் நடந்துகொண்டே சொன்னாள்: “அதுவா? தினமும் பட்டினப்பாக்கம் சிக்னல்லயே திருப்பி அனுப்பிடுவேனே.”

“என்னது?”

“நீ வாய்க்குள்ள முணுமுணுக்கறது எனக்குக் கேக்காதா? முதல் நாள்லேர்ந்தே தெரியும். சிக்னல்ல நிக்கும்போது சொல்லிடுவேன், எங்கம்மா வீட்ல தனியா பயந்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க திரும்பிப் போங்கன்னு.”

ஆறு மாதம்! ஆறு மாதம் குளியல் நேரத்தை மாற்றி, பல்வலியைப் பொறுத்து, அமைதியான மீனைத் தின்று, காவல் இல்லை காவல் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேனே, அத்தனை நாளும் அவர் என் பக்கத்தில்தான் சும்மா உட்கார்ந்திருந்தாரா? இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். மேலதிகாரிக்குத் தெரியாமல் அயற்பணியை ரத்து செய்ய இவள் யார்? வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் இவளுக்காகப் பயந்த அதே நேரத்தில் இவள் எனக்காகப் பயந்துகொண்டு சிக்னலில் நின்றிருக்கிறாள். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை. கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என் கணவர் நின்றிருந்தார். மூன்றாவது மாடியில் இருக்க வேண்டிய மனிதர். லுங்கியின் பின்பக்கமெல்லாம் ஒரே அழுக்கு.

“மின்சாரம் இல்ல, லிஃப்ட் ஓடாது. இந்த முட்டியோட எப்படி இறங்கினீங்க?” என்று கத்தினேன்.

அவர் மகளைத் தலைமுதல் கால்வரை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகுதான் பதில் வந்தது. “உட்கார்ந்து உட்கார்ந்துதான். ஒவ்வொரு படியா.”

“ஏன்?”

“ரெண்டு பேரும் வரலை. மேல இருக்க முடியலை.”

ஏறுவதற்கும் வேறு வழி இல்லை. அவர் முதல் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு ஏறினார். எனக்கும் உள்ளங்கால் கிழிந்திருந்ததால் ஊன்ற முடியவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் அப்படியே ஏறினேன். கீழ்வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சாத்திக்கொண்டார்.

மகள் எங்களுக்கு இரண்டு படி கீழே, எங்களைப் பார்த்தபடி நின்றாள். நாங்கள் ஒரு படி ஏறினால் அவளும் ஒரு படி ஏறுவாள். யாராவது சரிந்தால் பிடிக்க இரண்டு கையையும் அகல விரித்து வைத்திருந்தாள். நனைந்த மழைக்கோட்டு இரண்டு பக்கமும் தொங்கியது.

முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தினோம். என் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். உடைந்த மரப்பாலத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் போவார்கள், பின்னால் கைகளை விரித்துக்கொண்டு சம்மனசு வரும். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

“நமக்குத் தெரியுது” என்றார் அவர், மெதுவாக, என்னிடம் மட்டும்.

“அங்க என்ன பேச்சு? பேசாம ஏறுங்க ரெண்டு பேரும்” என்றாள் அவள்.

ஏறினோம்.